ஸ்பெயினைச் சுத்தாம, ஃபிரான்ஸுக்கு நடுவுல படகு ஓட்டிப் போக நாங்க பிளான் போட்ட கதை

இங்கிலாந்து போர்ட்ஸ்மவுத்ல இருந்து மத்தியதரைக் கடலுக்குப் பாய்மரப் படகுல போறதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு பிஸ்கே விரிகுடா, ஜிப்ரால்டர்னு ஸ்பெயினையே சுத்திப் போறது. இன்னொண்ணு ஃபிரான்ஸோட வடக்குத் துறைமுகம் லே ஹாவ்ர்ல உள்ள நுழைஞ்சு சீன் ஆறு, கால்வாய், சோன் ஆறு, ரோன் ஆறுன்னு ஃபிரான்ஸை நடுவுலயே கடந்து அந்தப் பக்கம் வெளிய வர்றது. பிஸ்கேன்னு சொன்னாலே எனக்கு வயித்தக் கலக்கும், அதனால அதுல பேச்சே இல்ல. வீட்டுக்காரர் இன்ஜினப் பாத்துக்கிட்டார், ரூட்டு பேப்பர் வேலை எல்லாம் என் தலையில.

எல்லாரும் எந்த ரூட் அழகா இருக்கும்னுதான் ஆரம்பிக்கிறாங்க, என்னைக் கேட்டா மொதல்ல அளவு டேப்ப எடுங்க. லாக்னா ரெண்டு கதவுக்கு நடுவுல தண்ணிய ஏத்தி எறக்கி படகை மேலயோ கீழயோ கொண்டு போற தொட்டி. அங்க நிறைய கால்வாய் லாக்குங்க 1879ல வந்த ஃப்ரேசினேங்கிற பிரெஞ்சு ஸ்டாண்டர்ட் அளவுப்படி கட்டினது, 39 மீட்டர் நீளம், 5.2 மீட்டர் அகலம், நம்ம மாதிரி பத்து மீட்டர் படகுக்கு அது தாராளம். இடிக்கிறது தண்ணி ஆழமும், பாலத்துக்கு அடியில இருக்கிற உயரமும்தான். பேப்பர்ல 1.8 மீட்டர் ஆழம்னு போட்டிருப்பான், ஆனா மழை பொய்ச்சா அதக் கொறைச்சுடுவாங்க, 2022 கோடையில சில கால்வாய மூடியே வச்சாங்க. எங்க கீல், அதாவது படகு அடியில தண்ணிக்குள்ள எறங்கி நிக்கிற பாகம், 1.4 மீட்டர்தான், அதனால தைரியமா எறங்கினோம். உங்க கீலே 1.8னா பேசாம ஸ்பெயினச் சுத்திடுங்க.

பாரிஸ் தாண்டினதும் சோன் ஆத்தப் பிடிக்க மூணு வழி பிரியுது. அவருக்கு பர்கண்டி கால்வாய் மேல ஆசை, திராட்சைத் தோட்டம், பழைய ஊருங்கன்னு. 242 கிலோமீட்டர்ல 189 லாக். "ஏங்க, 189 தடவ கயிறு பிடிக்கப் போறது நீங்களா நானா?"ன்னு கேட்டேன், அத்தோட அந்தப் பேச்சு முடிஞ்சுது. அது போக அங்க பூயி சுரங்கம்னு ஒண்ணு, 3.3 கிலோமீட்டர், மேல வளைவு தாழ்வா இருக்கும். நாங்க எடுத்தது மார்ன் ஆறு வழியா ஷாம்பேன்-பர்கண்டி கால்வாய், 224 கிலோமீட்டர், 114 லாக், பெரும்பாலும் ரிமோட்ல திறக்கிறது. கணக்கு போட ஒரு ஈசி வழி, கிலோமீட்டரையும் லாக்கையும் கூட்டி அஞ்சால வகுங்க, சுமாரா அத்தனை மணி நேரம். 338ஐ வகுத்தா 68 மணி நேரம் வரும், ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் ஓட்டினா பதினோரு பன்னெண்டு நாள்.

பேப்பர்ல முக்கியமானது ஐசிசின்னு படகு ஓட்டுறதுக்கான சர்வதேச சர்டிஃபிகேட், அதுல ஆறு, கால்வாய் விதிகளுக்குன்னு செவ்னி பரீட்சை தனியா பாஸ் பண்ணணும். போர்டு, விளக்கு, சைகைன்னு டிரைவிங் லைசென்ஸ் பரீட்சை மாதிரிதான், ஆனா இதுல எதிர்ல வர்ற சரக்குப் படகு நீலப் பலகையக் காட்டினா எந்தப் பக்கம் ஒதுங்கணும்னு யோசிக்காம தெரியணும், அது நம்மள விட பத்து மடங்கு நீளம். படகோட விஹெச்எஃப் ரேடியோவுல ஏடிஸ், அதாவது பேசுறது எந்தப் படகுன்னு தானா அனுப்புற வசதி, இருக்கணும், அதுக்கு நம்பர் வாங்கணும். நாட்களையும் படகு நீளத்தையும் வச்சு ஃபிரான்ஸ் நீர்வழித் துறை வி.என்.எஃப் விக்கிற வின்யெட்ட, அதாவது அங்க படகு ஓட்டுறதுக்கான பாஸ, ஆன்லைன்லயே எடுத்துட்டோம். பிரெக்ஸிட்டுக்கு அப்புறம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கு 180 நாள்ல 90 நாள்தான் அங்க தங்க முடியும், படகு மட்டும் வாட் வரி கட்டாம 18 மாசம் அங்க நிக்கலாம். படகுக்குக் குடுக்கிற மரியாத கூட மனுஷனுக்கு இல்ல!

அந்த 90 நாள்தான் காலண்டரையே முடிவு பண்ணுச்சு. எந்த லாக் எப்போ ரிப்பேருக்கு மூடுறாங்கன்னு முன்கூட்டியே லிஸ்ட் வரும், அதப் பாக்காம தேதி குறிக்காதீங்க. மே 1 லாக் லீவு. ரோன் ஆத்துல வசந்த காலத்துல வெள்ளம் வேகமா வரும். எல்லாத்தையும் எக்செல்ல போட்டுப் பாத்தா ஜூன்ல கெளம்புறதுதான் சரியா வந்துச்சு.

பாலத்துக்கு அடியில போகணுமே, அதனால லே ஹாவ்ர்ல கிரேன் வச்சு மாஸ்ட, அதாவது பாய்மரக் கம்பத்த, எறக்கினோம். கழட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வயருக்கும் அது மாட்டுற எடத்துக்கும் ஒரே கலர் டேப் சுத்தி ஃபோட்டோ எடுத்து வச்சோம், இல்லன்னா திரும்ப நிறுத்துறப்ப எது எங்கன்னு தலையப் பிச்சுக்கணும். மரச்சட்டத்துல எக்ஸ் மாதிரி தாங்கல் அடிச்சு அது மேல மாஸ்ட படுக்க வச்சாச்சு, முன்னாடியும் பின்னாடியும் படகுக்கு வெளிய நீட்டிக்கிட்டிருக்கும், லாக் சுவர்ல மொதல்ல இடிக்கிறது அந்த முனைதான். படகு சுவர்ல உரசாம தாங்குற ஃபெண்டருக்கு டயர் கட்டலாம்னு நெனைக்காதீங்க, அறுந்து விழுந்தா மூழ்கி லாக் கதவுல மாட்டும்னு தடை. ரூவான் ஊரையும் தாண்டி சீன்ல கடல் ஏத்தம் உண்டு, நம்ம மாதிரி படகு ராத்திரியில ஓடக் கூடாது, அதனால தண்ணி வத்தின நேரத்துல லே ஹாவ்ர்ல இருந்து வெளிய வந்து ஏத்தம் ஆரம்பிச்சதும் அது கூடவே மேல போயிடணும், ஒரே பகல்ல ரூவான் சேந்துடலாம்.

லியோனுக்குக் கீழ ரோன் 310 கிலோமீட்டர், 12 லாக். போலேன் லாக்ல 20 மீட்டருக்கு மேல எறங்கணும், லைஃப் ஜாக்கெட் கட்டாயம். கடைசியில ரோன் கடல்ல சேர்ற போர்ட் சென் லூயில மாஸ்ட நிறுத்த கிரேன் புக் பண்ணிடுங்க, ஆனா மிஸ்ட்ரல்ங்கிற அந்த ஊர்ப் பலத்த காத்து அடிச்சா கிரேன் தூக்காது, நாள் கணக்கா அடிக்கும். அந்த 90ல ஒரு வாரத்த அந்தக் காத்துக்குன்னே ஒதுக்கி வச்சுட்டுதான் மத்த தேதியெல்லாம் போட்டோம்.