இணையம் இல்லாத ஊர்ப்புற நூலகத்தில் ஒரு வைஃபை பெட்டி

ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கணினி ஒன்று, மெமரி கார்டு, விக்கிப்பீடியாவை இணையமின்றிப் படிக்க உதவும் கிவிக்ஸ் மென்பொருள். சாமான் இவ்வளவுதான். இந்தப் பெட்டி பரப்பும் வைஃபையில் இணைந்தால், இணையமே வராத நூலகத்திலும் வாசகர் போனில் தமிழ் விக்கிப்பீடியா திறக்கும். அதற்கான ஜிம் கோப்பை (விக்கிப்பீடியாவை ஒரே கோப்பாகக் கட்டியது) இணையம் உள்ள இடத்தில் இறக்கி, கையோடு கொண்டு வந்தால் போதும். கார்டோ பென் டிரைவோ ஃபேட்32 என்ற பழைய சேமிப்பு வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது; நகலெடுக்குமுன் எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

பாதித் தகராறு மின்சாரத்தில்தான். 5 வோல்ட், 3 ஆம்பியர் சார்ஜர் வேண்டும். பழைய போன் சார்ஜரைச் செருகினால், நாலு பேர் இணைந்ததும் பெட்டி அணைந்து அணைந்து எரியும். திடீர் மின்வெட்டில் கார்டே கெட்டுப்போகலாம். முழுக் கார்டையும் இன்னொன்றில் நகலெடுத்து மேசை டிராயரில் வைத்திருப்பது நல்லது.

"கனெக்ட் ஆயிருச்சு, ஆனா ஒண்ணும் வரல" என்பார்கள் வாசகர்கள். வைஃபையில் இணையம் இல்லை என்று கண்டதும் போன் தானே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடுகிறது. டேட்டாவை அணைக்கச் சொல்லுங்கள்.

புத்தகங்களை, திரைக்கேற்ப எழுத்து மாறிக்கொள்ளும் இபப் வடிவில் வையுங்கள். ஏ4 அளவு பிடிஎஃப், சின்னத் திரையில் எறும்பு ஊர்வதுபோலத் தெரியும்; பெரியவர்கள் இரண்டு பக்கத்திலேயே மூடிவிடுவார்கள். தமிழ் இலக்கியங்களை இலவச மின்னூலாக்க 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பழைய கோப்புகள் சில டிஸ்கி என்ற பழைய எழுத்துக் குறியாக்கத்தில் உள்ளன, அவை போனில் கிறுக்கலாக வரும். யூனிகோடு பதிப்பையே எடுங்கள். ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளத்தில் பிறரோடு பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தோடு நூல்கள் கிடைக்கின்றன. டெலிகிராமில் சுற்றும் திருட்டு பிடிஎஃப்களை நூலகப் பெட்டியில் ஏற்றவே வேண்டாம்.