கழுவிய காலோடு குருசுமலைக்கு

மலையடிவாரத்துப் பத்துகாணியில் வேன் நின்றபோது இன்னும் விடியவில்லை. இறங்கியதுமே அம்மா செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டாள். வயது 76. "கல்லும் முள்ளும் கெடக்கும்மா" என்றேன். "சிலுவ சுமந்தவரு செருப்பா போட்டிருந்தாரு?" என்று கேட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தாள்.

அன்று பெரிய வெள்ளி. அம்மாவுக்கு ஒருசந்தி, அதாவது உபவாசம். எனக்கும்தான், ஆனால் நான் வீட்டில் ஒரு கட்டன் சாயா குடித்திருந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

தென் குருசுமலை எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்ல முடியாது. இந்தப் பக்கம் எங்கள் குமரி மாவட்டம், அந்தப் பக்கம் வெள்ளறடை, திருவனந்தபுரம் மாவட்டம். 1956 நவம்பர் 1 அன்று எல்லை பிரித்தார்கள். அடுத்த வருடமே, 1957-ல், மலைக்குத் திருப்பயணம் தொடங்கிவிட்டது. இன்றும் ஏறுகிறவர்களில் பாதிப்பேர் வாயில் மலையாளம், பாதிப்பேர் வாயில் தமிழ். கையில் மரச் சிலுவையோடு ஒருவரையொருவர் இடித்துக்கொண்டே ஏறுகிறோம்.

ஏறும் வழியில் நின்று நின்று ஜெபிக்கிற சிலுவைப்பாதையின் முதல் ஸ்தலத்திலேயே, பக்கத்தில் நின்ற சேச்சி "நன்ம நிறஞ்ஞ மறியமே" என்று தொடங்கினார். மாதாவுக்கான அதே ஜெபம் எங்கள் பாடகர் குழுப் பிள்ளைகளுக்கு "அருள் நிறைந்த மரியே". அம்மாவுக்கு மட்டும் பழையபடி "பிரியதத்தத்தினாலே பூரண மரியே". அவளுக்கு இன்றைக்கும் கடவுள் சர்வேசுரன்தான், திருப்பலி பூசைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் திருப்பலிப் புத்தகத்தைப் பார்த்துப் புதுசாகவும் சொல்வாள். சிறுவயதில் இலத்தீன் பூசையில் பங்குச் சாமியாரின் முதுகைப் பார்த்து முழங்காலில் நின்றவள். பிறகு சாமி ஜனங்களைப் பார்த்துத் திரும்பினார், பூசை தமிழுக்கு வந்தது, அக்கம்பக்கத்து வீட்டார் கூடி ஜெபிக்கிற அன்பியம் வந்தது, பீடத்தில் பெண்பிள்ளைகள் மணி அடித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம் முணுமுணுத்துவிட்டு அவள் பழகிக்கொண்டாள்.

பழகாதவன் நான்தான். கோயில் காரியங்களைப் பேசுகிற பங்குப் பேரவைச் செயலாளர் என்று பெயர் வேறு.

பெரிய வியாழன் இரவில், இயேசு சீடர்களின் பாதம் கழுவியதை நினைத்து, சாமி பன்னிரண்டு பேர் பாதம் கழுவுவதில் பெண்களையும் சேர்க்கலாம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2016-லேயே ஒழுங்கை மாற்றிவிட்டார். எங்கள் பங்குக்கு அது வந்து சேர இத்தனை வருடம் ஆனதற்கு ஒரு காரணம் நான். கூட்டத்தில் எழுந்து, "வயசானவங்க மனசு சங்கடப்படும் சாமி" என்று பேசினேன். சாமி பதில் சொல்லவில்லை. மறுநாள் நேராக வீட்டுக்கு வந்து அம்மாவிடமே கேட்டார்.

அம்மா திண்ணையில் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். "என் காலா சாமி? வெடிச்சுக் கெடக்கே." சங்கடம் அவ்வளவுதான். முப்பது வருடம் ரப்பர் பால்வெட்டுக்குப் போன கால். வியாழக்கிழமை மதியம் கிணற்றடியில் உட்கார்ந்து தேங்காய்ச் சகிரியும் ஓட்டுத்துண்டுமாக ஒரு மணிநேரம் தேய்த்தாள். "சாமி கழுவத்தானே போறாரு" என்றேன். "அதுக்காக அழுக்கோடயா நீட்ட?" என்றாள்.

இரவு அவள் முறை வந்தபோது காலை நீட்டவே இல்லை. தாம்பாளத்துக்கு முன்னால் சாமி முழங்காலில் காத்திருக்கிறார். கோயில் முழுக்க அமைதி. பக்கத்தில் இருந்த மாமி குனிந்து, "மொதல்ல மாட்டேன்னு சொன்ன பேதுருவே கடைசில நீட்டினாரு, நீ நீட்டுக்கா" என்று கிசுகிசுத்தது கடைசி பெஞ்சு வரை கேட்டது. சிரிப்பு. அந்தச் சிரிப்பில் கால் வந்துவிட்டது. செம்புத் தண்ணீர் விழுந்ததும் அவள் கண்ணை மூடிக்கொண்டதை நான் தூணருகில் நின்று பார்த்தேன். கையில் நானே எழுதிய பன்னிரண்டு பேர் பட்டியல்.

மலையில் பத்தாவது ஸ்தலத்துக்கு மேல் எனக்குத்தான் மூச்சு வாங்கியது. அவள் நின்று நின்று ஏறிவிட்டாள். உச்சியில் சிலுவையைத் தொட்டு முத்தமிட்டுவிட்டு, பாறை நிழலில் காலை நீட்டி உட்கார்ந்தாள். வெடிப்புக்குள் எல்லாம் செம்மண்.

"சாமி கழுவினது வீணாப் போச்சே" என்று சிரித்தாள். பிறகு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்த, இன்னும் பால்வெட்டுக்குப் போகிற எங்கள் அன்பியத்துப் பெண்ணைக் கண்ணால் காட்டினாள்.

"அடுத்த வருசம் அவளப் போடு மக்ளே. அவ காலு என்னுதவிட மோசம். லிஸ்ட் நீதானே எழுதுத?"