நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா?

என் பெறாமகளின் வயிற்றில் இரட்டைப் பிள்ளைகள் என்று தெரிந்த நாளில், எங்கள் உப்புவெளி வீட்டில் முதலில் தடை செய்யப்பட்டது ஒட்டு வாழைப்பழம்: இரண்டு ஒன்றாய் ஒட்டிய பழத்தைத் தின்றால் பிள்ளைகளும் ஒட்டிக் குறையாகப் பிறக்கும் என்பது எங்களவர் நம்பிக்கை. இரண்டாவது ஸ்கானில், ஒரு சிசுவுக்கு இதயமே இல்லை, ஆனாலும் அது வளர்ந்துகொண்டிருக்கிறது என்று மருத்துவர் சொன்னபோது, அந்தப் பழத்தை அவள் எங்கே, எப்போது தின்றாள் என்பதே உறவினர்களின் விசாரணையாயிற்று.

இதயமில்லாமல் ஒரு சிசு எப்படி வளரும் என்ற கேள்வி என்னை விடவில்லை. கருக்கட்டிய ஒரே முட்டை இரண்டாகப் பிரிந்து உருவாகும் இரட்டையரில் பெரும்பாலோர் ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்கிறார்கள். அதில் இருவரின் குருதிக்கலன்களும் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுசெல்லும் நாடிகள் இரண்டு நேராக இணைந்து, ஒரு சிசுவின் குருதி அழுத்தம் மற்றதை மிஞ்சிவிட்டால், ஒட்சிசன் குறைந்த அதன் குருதி மற்றச் சிசுவின் கொப்பூழ் நாடி வழியே தலைகீழாகப் பாய்கிறது. அக்குருதி முதலில் சேர்வது இடுப்புக்குக் கீழே என்பதால் கால்கள் ஓரளவு உருவாகின்றன. தலையும் கைகளும் இதயமும் உருவாகாமலோ குறையாகவோ நின்றுவிடுகின்றன. ஆபத்து உண்மையில் நலமான சிசுவுக்குத்தான்: இருவருக்குமாக உழைக்கும் அதன் சிறு இதயம் ஒரு கட்டத்தில் தளர்ந்துவிடலாம். நஞ்சுக்கொடியைப் பகிரும் இரட்டைக் கர்ப்பங்களில் ஏறத்தாழ நூற்றில் ஒன்றில் இது நேர்கிறது என்பார்கள்.

கருக்கட்டிய முட்டை பிரிவது 13ஆம் நாளுக்கும் பிந்தினால் ஒட்டிய இரட்டையர் உண்டாகலாம். 1811இல் சயாமில் அப்படி ஒட்டிப் பிறந்து 1874 வரை வாழ்ந்த சாங், எங் சகோதரர்களின் தாய் என்ன பழம் தின்றாள் என்று எவரும் குறித்துவைத்ததாகத் தெரியவில்லை.

எங்களிடமிருந்த பிழை வேறு. இரட்டையா என்று கேட்டு மகிழ்ந்தோமே தவிர, நஞ்சுக்கொடி ஒன்றா இரண்டா என்று கேட்கவில்லை. 11 முதல் 14 வாரங்களுக்குள் எடுக்கும் ஸ்கானில், இருவரையும் பிரிக்கும் சவ்வு நஞ்சுக்கொடியைத் தொடும் இடத்தின் வடிவமே அதைக் காட்டிவிடும். நாள் செல்லச் செல்ல அந்த அடையாளம் மங்கும். ஒன்றென்று தெரிந்தால், 16ஆம் வாரத்திலிருந்து இரு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கான் செய்து பார்க்கவேண்டும். வசதியுள்ள இடங்களில், இதயமற்ற சிசுவுக்குச் செல்லும் குருதியோட்டத்தை லேசரினாலோ வெப்பத்தினாலோ அடைத்து மற்றதைக் காப்பாற்றுகிறார்கள். எங்கள் பிள்ளைக்கு அந்த ஓட்டம் தானாகவே நின்றுபோனது.

பெறாமகள் 35ஆம் வாரத்தில் ஒரு மகனைப் பெற்றாள். பிரசவ விடுதிக்குப் பார்க்க வந்த பெரியம்மா, கட்டிலருகே குனிந்து அவளிடம் கேட்டார்: “உண்மையைச் சொல்லு பிள்ளை, எத்தனை பழம் சாப்பிட்டனீ?”