அவிலா: மதிலுக்கு உள்ளே பிறந்தவர், மதிலுக்கு வெளியே வாழ்ந்தவர்

ஸ்பெயின் நாட்டு அவிலா என்றாலே எல்லோருக்கும் மதில்தான் நினைவுக்கு வரும். சுற்றளவு சுமார் இரண்டரை கிலோமீட்டர், உயரம் சராசரியாக 12 மீட்டர், கனம் 3 மீட்டர், 9 வாசல்கள். மாட்ரிட்டிலிருந்து ரயிலில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் வந்துவிடலாம். காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்கள் மதில்மேல் நடப்பார்கள், பேராலயத்தைப் பார்ப்பார்கள், புனித தெரேசா பிறந்த இடத்தில் மண்டியிட்டு எழுந்து ரயிலைப் பிடிக்க ஓடுவார்கள். அந்தப் புனிதை ஏறக்குறைய 30 ஆண்டுகள் வாழ்ந்த மடமும், தாமே தொடங்கிய முதல் மடமும் மதிலுக்கு வெளியே இருக்கின்றன. திருப்பயணமாக வருகிறவர்கள் இந்த இரண்டுக்கும்தான் முதலில் நேரம் ஒதுக்க வேண்டும்.

நம் ஊர்க் கோவில்களில் ரோஜாப் பூக்களோடு நிற்கும் சிறுமலர் தெரேசா பிரான்சைச் சேர்ந்தவர். அவிலா தெரேசா அவருக்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் மூத்தவர். 1515-இல் பிறந்து 1582-இல் இறந்தவர். முத்துக்குளித்துறை மக்களின் சவேரியாருக்கும் இவருக்கும் ஒரே நாளில், 1622 மார்ச் 12 அன்று, புனிதர் பட்டம் கொடுக்கப்பட்டது. திருச்சபையின் மறைவல்லுநர், அதாவது போதனையால் திருச்சபை முழுவதுக்கும் வழிகாட்டுபவர், என்று 1970-இல் அறிவிக்கப்பட்ட முதல் பெண்ணும் இவரே.

இங்கே பலரும் ஏமாறுவது மதிய இடைவேளையில். மடங்களும் சிறு கோவில்களும் மதியம் பூட்டிவிட்டு, நான்கு மணி வாக்கில்தான் திரும்பத் திறக்கும். மதில் நடைக்கும் பேராலயத்துக்கும் அந்த இடைவேளை இல்லை. அதனால் காலையில் மடங்கள், மதியம் மதில், மாலையில் விட்டுப்போனவை என்று வைத்துக்கொண்டால் பூட்டிய கதவுக்கு முன்னால் காத்திருக்க வேண்டியதில்லை.

முதலில், அவர் ஏறக்குறைய 30 ஆண்டுகள் வாழ்ந்த என்கார்நாசியோன் மடம். வடக்கு மதிலில் உள்ள கார்மென் வாசல் வழியாக வெளியேறிச் சரிவில் இறங்கினால் பத்து நிமிட நடை. திரும்பும்போது அதே வழி மேடு. நகரமே கடல் மட்டத்திலிருந்து 1,130 மீட்டர் உயரத்தில் இருப்பதால் வயதானவர்களுக்கு மூச்சு வாங்கும். அவர்கள் டாக்சியில் ஏறிவிடுவது நல்லது. 1535-இல், இருபது வயதில், தெரேசா இந்தக் கார்மேல் சபை மடத்தில் துறவியாக நுழைந்தார். 1571-இல் அவரைத் தலைவியாக நியமித்தபோது சகோதரிகள் பலர் ஏற்கவில்லை. அவர் தலைவியின் இருக்கையில் மாதா சொரூபத்தை வைத்து, மடத்துச் சாவியையும் அதன் கையிலேயே கொடுத்துவிட்டார். அதிகாரத்தை அன்னையிடம் விட்டுவிட்ட அந்த ஒரு செயலை மனதில் வைத்துக்கொண்டு இந்த மடத்தைச் சுற்றிப் பாருங்கள், பார்வையே மாறிவிடும்.

1572 முதல் 1577 வரை இங்கே ஆன்ம குருவாக இருந்தவர், தெரேசாவின் சீர்திருத்தத்தில் துணை நின்ற புனித சிலுவை அருளப்பர். அவர் ஒரு காட்சியில் கண்டபடி வரைந்த, சிலுவையில் தொங்கும் இயேசுவின் படம் இந்த மடத்தில்தான் இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவு. பெரிதாக எதையோ எதிர்பார்த்து வருகிறவர்கள் இதைக் கவனிக்காமலே கடந்துபோகிறார்கள். அருகில் நின்று பாருங்கள். நாம் கீழிருந்து அண்ணாந்து பார்க்கும் சிலுவை அல்ல. மேலிருந்து சாய்வாகப் பார்ப்பது போன்ற கோணம். தலை முன்னால் கவிழ்ந்திருக்கும், உடலின் முழுப் பாரமும் கைகளில் இழுபடும்.

அடுத்தது கிழக்கே அல்காசர் வாசலுக்கு வெளியே உள்ள சான் ஹோசே. 1562 ஆகஸ்ட் 24 அன்று நான்கு பெண்களோடு தெரேசா தொடங்கிய முதல் மடம் இது. கார்மேல் சபைக்குள் அன்று தொடங்கிய சீர்திருத்தமே பின்னால் ‘காலணி அணியா கார்மேல்’ சபையாக வளர்ந்தது. ஆன்மாவை ஏழு உறைவிடங்கள் கொண்ட பளிங்குக் கோட்டையாகக் கண்டு அவர் எழுதிய நூலை 1577 நவம்பரில் முடித்ததும் இங்கேதான். சகோதரிகள் வெளியே வராத அடைப்பு மடம் என்பதால் கோவிலையும் அருங்காட்சியகத்தையும் மட்டுமே பார்க்கலாம். சகோதரிகள் உள்ளே ஜெபத்தில் இருக்கிறார்கள், குரலைத் தாழ்த்திப் பேசுங்கள்.

மதிலுக்குள் இரண்டு இடங்கள் போதும். மெர்க்காதோ சிக்கோ சதுக்கத்தின் சான் ஹுவான் கோவிலில் 1515 ஏப்ரல் 4 அன்று அவர் திருமுழுக்குப் பெற்ற தொட்டி இருக்கிறது. பிறந்த வீட்டின் மேல் எழுந்த ‘லா சாந்தா’ கோவிலில், பிறந்த இடம் சிறு பீடமாக இருக்கிறது. திருப்பண்டமாக, அதாவது புனிதரின் உடல் எச்சமாக, வைத்திருக்கும் அவருடைய வலது கை மோதிர விரல் கோவிலுக்குள் இல்லை. பக்கத்தில் தனி அறையில் இருக்கிறது, அதற்கான வாசலைக் கேட்டுப் போங்கள். திருவுடலைத் தேடி இங்கே அலைய வேண்டாம். உடலும் இதயமும் அவர் இறந்த ஆல்பா தெ தோர்மெஸ் ஊரில், சலமாங்காவுக்கு அருகே இருக்கின்றன. அதற்கு இன்னொரு நாள் வேண்டும்.

அக்டோபர் 15 திருவிழா நாள். தங்கும் அறையை முன்கூட்டியே பிடித்துவிடுங்கள். குளிர்காலத்தில் மதில்மேல் காற்று ஊசியாய்க் குத்தும். படிகள் செங்குத்து, கல் தேய்ந்தது. வழுக்காத காலணி அவசியம்.

நான்கு தூண்கள் மேட்டை மாலைக்கு வையுங்கள். அதாஹா ஆற்றுப் பாலத்தைக் கடந்து ஏறினால் பத்து நிமிடம். மேடு மேற்கில் இருப்பதால் சாயங்கால வெயில் நேராக மதிலில் விழும். காலையில் வந்தால் சூரியன் கண்ணைக் கூசும். மறைசாட்சியாகச் சாக வேண்டும் என்று அண்ணன் ரொத்ரிகோவைக் கூட்டிக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பிய சிறுமி தெரேசாவைச் சிற்றப்பா பிடித்துத் திருப்பியது இந்த இடத்தில்தான் என்பது ஊர் மரபு. ஜெபமாலையின் ஐம்பது மணியையும் சொல்லி முடிக்கிற நேரத்துக்குள் மதிலின் நிறம் மங்கி, விளக்குகள் எரியத் தொடங்கும்.