பொது அறிவுப் போட்டியும் ஒரு ரைஸ் குக்கரும்

தமிழர்கள் கூடிய இடத்தில் பொது அறிவுப் போட்டி நடத்துகிறவர் கொஞ்சம் சட்டம் படித்திருப்பது நல்லது. பதில் தெரியாது என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் கிடையாது. பதில் தெரியாவிட்டால் கேள்வியில் ஏதோ கோளாறு.

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் தீபாவளி ஒன்றுகூடல். பிரியாணிக்குச் சொல்லியிருந்த கடைக்காரர் "வந்துக்கிட்டே இருக்கோம்" என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். பசித்த கூட்டம் லிஃப்ட் பக்கம் நகரத் தொடங்கியதும், ஏற்பாட்டுக் குழு அக்கா மைக்கை என் கையில் திணித்தார். "தம்பி, நீங்கதான் துணுக்கெல்லாம் நிறையப் படிப்பீங்களே, எதையாவது கேளுங்க." ஒற்றைப்படை மாடிகள் ஓர் அணி, இரட்டைப்படை மாடிகள் இன்னோர் அணி. பரிசு, யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த ஒரு ரைஸ் குக்கர்.

சுலபமாக ஆரம்பிப்போம் என்று, "சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயனை வடிவமைத்தவர் யார்?" என்றேன்.

ஒன்பதாம் மாடி மாமா உடனே எழுந்தார். "லிம் நாங் செங்."

"அவர் சிலையைச் செய்தவர் மாமா. 1964இல் சுற்றுலாக் கழகத்துக்குச் சின்னமாக அதை வரைந்தவர் ஃபிரேசர் புரூனர். வான் கிளீஃப் மீன் காட்சியகத்தில் பொறுப்பாளராக இருந்தவர்."

மீன் காட்சியகத்துக்காரரிடம் சிங்கத்தை வரையச் சொன்னால் வாலில் செதில் வராமல் வேறென்ன வரும்? இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. மாமா இன்னும் உட்காரவே இல்லை. "நீ சின்னமா, சிலையான்னு கேள்வியில சொல்லல. 1972ல திறந்த சிலையத்தானே ஊரே பார்க்குது?" வாதத்தில் நியாயம் இருந்ததால் அரை மதிப்பெண் கொடுத்தேன். அதன்பிறகு அந்தக் கீழ்த்தளத்தில் முழு மதிப்பெண் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போனது.

அடுத்தது விலங்குகள். சிங்கத்தின் பெயரை வைத்திருக்கும் இந்தத் தீவில் காட்டுச் சிங்கம் வாழ்ந்ததே இல்லை, இருந்ததெல்லாம் புலிதான் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சரி என்று, 1902இல் ராஃபிள்ஸ் ஹோட்டல் பில்லியர்ட்ஸ் அறைக்கு அடியில் புகுந்துகொண்ட புலியைச் சுட்டவர் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டேன். போலீஸ், ராணுவம், வேட்டைக்காரர், சமையல்காரர் என்று வரிசையாகச் சொன்னார்கள். அவர் ராஃபிள்ஸ் பள்ளியின் தலைமையாசிரியர். இதைக் கேட்டதும் இரண்டாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயா தன் அணியை மறந்து, முன்வரிசையில் போனைத் தடவிக்கொண்டிருந்த பையன்களைப் பார்த்து, "கேட்டுக்கோங்கடா" என்றார்.

சொற்களின் பிறப்பைத் தொட்டிருக்கக் கூடாதோ என்னவோ. ஆங்கிலத்தில் இருக்கும் ‘கட்டமரான்’ நம் கட்டுமரம், ‘செரூட்’ நம் சுருட்டு. கப்பலும் கட்டிலும் மலாயில் அப்படியே இருக்கின்றன, கடை மட்டும் ‘கெடாய்’ ஆகியிருக்கிறது. இவ்வளவும் சொன்னதும் கூட்டத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. பின்வரிசையில் ஓர் அண்ணன் ஆம்லெட்டும் தமிழ்தான் என்று பக்கத்து நாற்காலிக்கு நிரூபித்துக்கொண்டிருந்தார்.

"நம்ம லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா என்ற இடத்தின் பெயர் எதிலிருந்து வந்தது?"

"இது ஒரு கேள்வியா? தேக்கு மரம்!" மறுபடியும் ஒன்பதாம் மாடி மாமா.

அது ஹொக்கியன் என்ற சீன மொழி என்றதும் இரண்டு அணிகளும் ஒன்றாகச் சேர்ந்து என்னை முறைத்தன. நல்லவேளையாக, பிரியாணிக்காக வந்து ஓரமாக உட்கார்ந்திருந்த மூன்றாம் மாடிச் சீனத் தாத்தாவை யாரோ கையைப் பிடித்து அழைத்து வந்தார்கள். அவர் மைக்கை வாங்கி, "தெக் கியா கா" என்று நிதானமாகச் சொன்னார். புரியாத முகங்களைப் பார்த்துவிட்டு ஒரு கையால் மெல்லிய தண்டு ஒன்றை வரைந்தார், பிறகு குனிந்து தன் காலைத் தட்டிக் காட்டினார். சின்ன மூங்கில்களின் அடிவாரம் என்று நான் மொழிபெயர்த்தேன்.

மாமா அசரவில்லை. "சரி, தேக்கு இல்ல, மூங்கில். ரெண்டும் மரம்தானே? அரை மார்க் போடு."

அப்போதுதான் ஐந்தாம் மாடிப் பெண், உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறவள், தலையைத் தூக்காமலே சொன்னாள். "மூங்கில் மரம் இல்ல அங்கிள், புல் வகை." அவளும் ஒற்றைப்படை. சொந்த அணியிலிருந்தே இப்படி ஒரு அடி விழும் என்று மாமா எதிர்பார்த்திருக்க மாட்டார். உட்கார்ந்துவிட்டார்.

சுல்தான் பள்ளிவாசல் குவிமாடத்தின் அடியில் கறுப்பு வளையமாகத் தெரிவது என்ன என்ற கேள்விக்கு மட்டும் சண்டை இல்லை. கண்ணாடிப் பாட்டில்களின் அடிப்பாகம், ஏழைகளும் தங்கள் பங்கைத் தரட்டும் என்று சேகரித்தது என்று ஒரு அக்கா அமைதியாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். இப்படிப்பட்டவர்கள் புளோக்குக்கு நாலு பேர் இருந்தால் போதும்.

சினிமாவில்தான் வினையே வந்தது. "மூன்று தீபாவளி கண்ட..." என்று தொடங்கினேன், முடிக்கவில்லை. "ஹரிதாஸ்! பாகவதர்!" என்றார் ஒரு பாட்டி. 1944 தீபாவளிக்கு வந்து, சென்னை பிராட்வே திரையரங்கில் அடுத்தடுத்த தீபாவளிகளையும் தாண்டி ஓடிய படம். சரியான பதில். அதோடு பாட்டி படத்தின் பாட்டையும் ஆரம்பித்துவிட்டார், பல்லவியோடு நிறுத்தும் எண்ணம் அவருக்கு இல்லை.

பாட்டு ஓடும்போதே கீழே வேறொரு வழக்கு ஆரம்பமானது. பாட்டி எந்த அணி? பகலெல்லாம் ஏழாம் மாடியில் மகள் வீடு. படுக்கை பன்னிரண்டாம் மாடியில் மகன் வீடு. "சாப்பாடு எங்க வீட்டுல" என்றார் மகள். "அடையாள அட்டையில எங்க முகவரி" என்றார் மருமகள். ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பாட்டியையே கேட்டோம். அவர் சரணத்தில் இருந்தார்.

ஆளுக்குக் கால் மதிப்பெண் என்று ஒரு குரல் எழுந்தபோது பிரியாணி வண்டி வந்து நின்றது. ஒட்டகச்சிவிங்கியின் கழுத்திலும் நம்மைப் போலவே ஏழு எலும்புகள்தான் என்ற கடைசித் துணுக்கை மைக்கில் சொன்னேன். கேட்டவர் சீனத் தாத்தா ஒருவர்தான், அவருக்கும் தமிழ் தெரியாது.

மதிப்பெண் சமம். இரண்டு அணியிலும் இருக்கிற ஒரே ஆள் என்பதால் குக்கரைப் பாட்டியிடமே கொடுத்துவிட்டோம். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, பெட்டியைப் பிரித்து உள்ளே கையை விட்டுத் துழாவினார்.

"இட்லித் தட்டு எங்கடா?"

மகளும் மருமகளும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.