தெரு படிக்கட்டாகும் இடம்

சான் பிரான்சிஸ்கோவில் ஒன்பது வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்த்தேன். அந்த ஊரில் நூற்றுக்கணக்கான தெருப் படிக்கட்டுகள் இருப்பது வேலை போன பிறகுதான் என் கண்ணில் பட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினைந்து நிமிட மீட்டிங். முடிந்த கையோடு லேப்டாப் லாக் ஆகிவிட்டது. எச்1பி என்ற அமெரிக்க வேலை விசாக்காரருக்கு வேலை போனால், வேறு வேலை தேடவோ நாட்டை விட்டுக் கிளம்பவோ அதிகபட்சம் 60 நாள் அவகாசம். மனைவியிடம் அன்றே சொன்னேன். கோவையில் இருக்கும் அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. மறுநாளும் வழக்கம்போல ஏழரைக்குக் கிளம்பி, ஆபீஸ் பஸ் நிற்கும் இடத்தைத் தாண்டி நடந்துகொண்டே இருந்தேன்.

19ஆம் நூற்றாண்டில் அந்த ஊருக்குத் தெரு போட்டவர்கள் மேடு பள்ளம் பார்க்கவில்லை. ஸ்கேல் வைத்தாற்போல நேர்கோடு இழுத்துவிட்டார்கள். வண்டி ஏற முடியாத செங்குத்தில் அதே தெரு படிக்கட்டாகிவிடும். பெயர் மாறாது, வீட்டு வாசலும் அந்தப் படியில்தான். டெலிகிராஃப் மலைச் சரிவில் ஃபில்பர்ட் தெரு அப்படித்தான். ஒருநாள் அங்கே இரண்டு பேர் ஒரு வாஷிங் மெஷினைப் பட்டையால் கட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். மரப்படியெல்லாம் ஈரம். கீழே இருந்தவர் படிக்குப் படி குரல் கொடுப்பார். மேலே இருந்தவர் அடுத்த படியைக் காலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் எடையை விடுவார். அவர்கள் அடிவாரம் போய்ச் சேரும்வரை நின்று பார்த்தேன். இத்தனை வருடத்தில் எந்த வேலையையும் நான் அவ்வளவு நிதானமாகச் செய்ததில்லை.

அந்தப் படியோரம் முழுக்கத் தோட்டம். ஒருகாலத்தில் குப்பை கொட்டிய சரிவு அது. கிரேஸ் மார்ச்சன்ட் என்ற அம்மையார் 1949இல் அதைச் சுத்தம் செய்து செடி வைக்க ஆரம்பித்து, முப்பது வருடத்துக்கு மேல் பராமரித்தார். இப்போது அவர் பெயரிலேயே இருக்கிறது.

மொராகா தெருவில் 163 படிகள். 2005இல் அக்கம்பக்கத்தார் சேர்ந்து மொசைக் பதித்தார்கள். அடியில் கடல், ஏற ஏற மீன் போய்ப் பறவை வரும், உச்சியில் சூரியன். ஓடுகளில் பணம் கொடுத்தவர்களின் பெயர்கள். அவற்றை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே ஏறியபோது அம்மாவின் போன்.

“ஏன் கண்ணு, மூச்சு வாங்குது?”

“படி ஏறிட்டிருக்கேன்மா.”

“ஆபீஸ்ல லிஃப்ட் ஓடலையா?”

உட்கார்ந்துவிட்டேன். சரி, இனி மறைக்க முடியாது என்று எல்லாவற்றையும் சொன்னேன். விசா, அறுபது நாள், அதில் பதினேழு போய்விட்டது எல்லாம். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“மில்லை மூடினப்ப உங்கப்பாவும் இப்படித்தான் கண்ணு. பத்து நாள் டிபன் பாக்ஸை எடுத்துக்கிட்டு ஷிஃப்டுக்குப் போற மாதிரியே போனாரு. எனக்கு ரெண்டாம் நாளே தெரியும். அவரா சொல்லட்டும்னு தினமும் சோறு கட்டிக் குடுத்தேன்.”