கிணத்து மேட்டுல இருந்து ஒரு கண் சிமிட்டல்

காங்கேயத்துப் பக்கம் எங்க தோட்டத்துல கிணத்து மேட்டுக்கும் சாளைக்கும் (தோட்டத்து வீட்டுக்கும்) நடுவுல 300 மீட்டர் இருக்கும். மோட்டார் ஓடுதா நின்னுபோச்சான்னு தெரிஞ்சுக்க ஒயர் இழுத்தா எலி கடிச்சுப்போடுது. சரின்னு டிவி ரிமோட் சமாச்சாரத்துல எறங்கிட்டனுங்க: மோட்டார் ஓடுனா கிணத்து மேட்டுல இருந்து வெளிச்சம் சிமிட்டோணும், சாளையில அதைப் பிடிக்கோணும்.

ரிமோட்டுல இருக்கற மாதிரி அகச்சிவப்பு வெளிச்சம் விடற 940 நானோமீட்டர் எல்ஈடி, அதை 38 கிலோஹெர்ட்ஸ்ல, அதாவது நொடிக்கு 38 ஆயிரம் தடவை துடிக்க வெக்க ஒரு 555 ஐசி, வாங்கற பக்கம் அந்தத் துடிப்பைப் பிடிக்கற டிசாப் 1738 சென்சார். ரெண்டு முனையிலயும் பிவிசி பைப்புக்குள்ள, பத்திரம் படிக்கிற பூதக்கண்ணாடி. வித்தையே அந்தக் கண்ணாடிலதான். எல்லாஞ்சேர்த்து ஆயிரம் ரூபா தாண்டல. அந்தத் துடிப்பு இடைவெளியே விடாம வந்தா டிசாப் அதை இரைச்சல்னு ஒதுக்கிரும். விட்டு விட்டுச் சிமிட்டோணும்.

நேர் பிடிக்கத்தான் ரெண்டு ராத்திரி போச்சு. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சமாச்சே! பழைய போன் கேமராவுல ஊதாப் பொட்டா தெரியும், அதை வெச்சே திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

மொத நாளே மேக்கு வெயில் லென்சு வழியா எறங்கி உள்ள ஒட்டுன கறுப்பு டேப் உருகிப்போச்சு. பைப்பை முன்னால ஒரு சாண் நீட்டினேன், பாதி சரியாச்சு.

இப்ப ஓடுது. வேலிக்கல்லு மேல மயில் வந்து உக்காந்தா மட்டும் வெளிச்சம் மறைஞ்சு 'மோட்டார் ஆஃப்'னு காட்டுது. அப்பா கேக்கறார்: "ஏஞ்சாமி, மயில் முடுக்க ஒரு ஆள் போடறதுக்கு ஒயரே இழுத்திருக்கலாமல்ல?"